வாளி வைக்கும் இடம்

போன மாதம் ஒரு காலை. தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போது கைபேசி சத்தம் போட்டது. எங்கள் பகுதியில் இப்போது பி.எச்.ஐ. வேலை பார்க்கும் தம்பி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஓய்வு பெறும்வரை நானும் அந்த வேலையில்தான் இருந்தேன். படத்தில் ஒரு சுவர், சுவரில் ஒரு கறை, கீழே ஒரு கேள்வி: 'சேர், இது வீட்டுச் சொந்தக்காரர் பிழையா, வாடகைக்கு இருக்கிறவங்க பிழையா? கொஞ்சம் அவசரம்.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவரைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சுவர் வாய் திறந்து சொல்லுமா? 'தம்பி, சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா?' என்று எழுதினேன். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது. அது ஆமாம் என்றா, நன்றி என்றா, போதும் கிழவா என்றா, எனக்கு விளங்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பென்சன் எடுத்தும் ஒங்களுக்கு ஈரச் சுவருதானா?" என்று கேட்டாள். ஈரச் சுவர்தான். கட்டைவிரலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு தூரம் நீண்டுவிட்டது.

பி.எச்.ஐ. என்றால் ஹோட்டல் குசினிக்குள் மூக்கை நுழைப்பவன், பூச்சாடித் தண்ணீரில் நுளம்புப் புழு தேடுபவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் செய்தோம். ஆனால் இந்த மலையில் என் சேவைக்காலத்தின் பாதி, ஒழுகும் கூரைக்குக் கீழேயும் வியர்க்கும் சுவருக்கு முன்னாலும்தான் போனது. வாடகைச் சண்டை உண்மையில் எங்கள் வேலை இல்லை. அதற்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் போவதற்குப் பயந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வருகிறவனைத்தான் மறித்துக் கேட்பார்கள். "ஐயா, கொஞ்சம் உள்ள வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போக என்னால் முடிந்ததில்லை.

பொறுப்பு யாருடையது என்பது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. கூரை, சுவர், சுவருக்குள் ஓடும் குழாய், வெளியே மழைத்தண்ணீர் ஓடும் கான் எல்லாம் வீட்டுக்காரருடைய தலையில். உடைத்தது, அடைத்தது, திறந்துவிட்டு மறந்தது எல்லாம் குடியிருப்பவருடைய தலையில். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வீட்டில் பழுது ஒன்றைக் கண்டால் குடியிருப்பவர் அதை உடனே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாய்ப்பேச்சு நடக்காததால் வந்தவை.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றில் பிறந்தவன். படித்தேன், சோதனை பாஸானேன், பயிற்சிக்குக் கரையோர ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே வெக்கையில் தூக்கம் வராமல் புரண்டதும், போர்வை இல்லாமல் மனிதர்கள் தூங்குவார்கள் என்று கண்டு ஆச்சரியப்பட்டதும் தவிர எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி மலைக்கு வந்தபோது எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் குணசேகர மாத்தயா. என் உண்மையான பயிற்சி அன்றைக்குத்தான் தொடங்கியது.

குணசேகர மாத்தயா சிங்களவர்; மாத்தயா என்றால் அவர்கள் மொழியில் ஐயா. உயரமான, மெலிந்த மனிதர். தமிழை அவர் உடைத்துத்தான் பேசுவார், ஆனால் பேசாமல் விடமாட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அவரோடு நான் முதலில் போனது ஒரு தோட்டத்து லயத்துக்கு. கடைசிக் காம்பிராவில் கூரை ஒழுகுகிறது. தகரத்தின் ஆணியைப் பிடுங்கினது அந்தக் குடும்பத்து ஆட்கள்தான் என்று தோட்டத்து நிர்வாகம் சொன்னது. தகரமே மக்கிப்போனது என்று குடும்பம் சொன்னது. நான் கேள்விகளையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

வாசலில் மாத்தயா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்துத் துரையோ, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு லயத்துக்குள் போனதை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அந்த வீட்டு அம்மாவும் கண்டிருக்க மாட்டார். பதறிப்போய், "வேணாங்க, மண் தரைங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ப் பலகை ஒன்றை எடுத்துப் போட்டார். மாத்தயா அதில் உட்கார்ந்தார். வெறுந்தேத்தண்ணி வந்தது. சீனியை உள்ளங்கையில் வாங்கி, எங்கள் ஆட்களைப் போலவே நக்கி நக்கிக் குடித்து முடித்தார். அதுவரைக்கும் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"அம்மா, மழை வந்தா வாளி எங்க வைக்கிறது?"

அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் இளகியது. எழுந்து நடந்து காட்டினார். தூறலுக்கு வாளி இங்கே, பெருமழைக்குச் சட்டி அங்கே, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பிள்ளைகளின் பாயை இந்த மூலைக்கு இழுத்துக்கொள்வோம் என்றார். மாத்தயா வெளியே போய் அண்ணாந்து பார்த்து, எந்தத் தகரம் என்று சரியாகக் கையை நீட்டினார். ஆணியை யாரும் பிடுங்கியிருக்கவில்லை. ஆணியைச் சுற்றித் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. திரும்பி நடக்கும்போது எனக்கு விளக்கம் சொன்னார்.

"யாரு உடைச்சது கேட்டா எல்லாரும் பொய் சொல்றது. வாளி எங்க கேட்டா யாரும் பொய் சொல்றதில்ல."

அறிக்கை எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. 'பிழை' என்ற சொல்லை எழுதவே விடமாட்டார். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே போயிருக்க வேண்டும், இவ்வளவுதான். இதைப் படித்தால் யார் காசைக் கொடுக்க வேண்டும் என்பது முட்டாளுக்கும் விளங்கிவிடும், அதை நாம் எழுதி அவமானப்படுத்துவானேன் என்பது அவருடைய எண்ணம். அந்தத் தோட்டத்திலும் அப்படித்தான் ஆனது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் தகரம் மாறியது.

இதைப் படித்துவிட்டு நான் எப்போதும் வாடகைக்காரர் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நானுஓயாவில் ஒரு மாடி வீடு. கீழே வாடகைக்கு ஒரு தையல்காரர், மேலே வாடகைக்கு வேன் ஓட்டுகிற ஒருவரின் குடும்பம். தையல்காரரின் தலைக்கு மேல் சீலிங் ஊறிக் கறுத்துவிட்டது. வீட்டுக்காரர் மழையைத் திட்டினார், தையல்காரர் வீட்டுக்காரரைத் திட்டினார். நான் வாளியைக் கேட்டேன். தையல்காரர் வாளி வைத்திருந்தது மேல்வீட்டுக் குசினிக்கு நேர் கீழே. போய்ப் பார்த்தால், பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் நிறையச் சோறு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி வேறு குறுக்கே படுத்திருக்கிறது. "வாடகை குடுக்கிறோம்ல, குழாயும் நாங்களா தோண்டணும்?" என்று வேன்காரர் எகிறினார். அடைத்தவர்தான் தோண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்த மனிதர் என்னைக் கண்டால் வேனை நிறுத்தமாட்டார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

ஆனால் இத்தனை வருடத்தில் என்னை உண்மையாகவே திணறடித்தது ஹட்டனில் பார்த்த ஒரு வீடு. அங்கே இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதில் தவறாக இருந்தது.

மஹ்ரூப் ஹாஜியாருக்கு ஹட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. மனைவி காலமாகிவிட்டார். கடைத்தெருவுக்குக் கீழே, படி இறங்கிப் போகும் சந்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் செல்வராணி என்ற பெண்ணைக் குடிவைத்திருந்தார். தோட்டத்துப் பெண். கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மகள் தர்ஷினியை டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே அவள் சின்னவளாக இருந்தபோது வந்து குடியேறினார்கள். அந்த நாளில் வீடு தேடி செல்வராணி பட்ட பாடு கொஞ்சமில்லை. தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும் பிறகு சொல்கிறோம் என்பார்கள், அந்தப் பிறகு வராது. ஹாஜியார் ஒருவர்தான் எதுவும் கேட்காமல் கடை மேசை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தாராம்.

ஹாஜியார் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தொப்பியைச் சரிசெய்தபடியே இருந்தார். வயர் மாற்றுவதற்காக அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அவன் பின் அறையில் அலுமாரியை நகர்த்தியிருக்கிறான். சுவர்ப் பூச்சு அப்படியே அவன் காலடியில் கொட்டிவிட்டது. செய்தி கேட்டு ஓடிப்போய் ஹாஜியார், அவர்கள் குடிவந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த அறைக்குள் நுழைந்திருக்கிறார்.

"சொவரு புண்ணு மாதிரி ஈக்கி, சேர். நம்பிக் குடுத்த வீடு. அலுமாரிய வெச்சி மறைச்சீக்கிறாங்க," என்றார்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு தடவை போய், வீட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அவர்கள் இனிக் குடிபோகும் வீட்டின் சொந்தக்காரருக்காவது இந்தக் கதி வராமல் இருக்கட்டும் என்றார். குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் இருந்தது. நோன்புக் காலத்தில் தவறாமல் அந்த வீட்டுக்குக் கஞ்சி அனுப்புகிறவர் அவர். தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் அவர் கடைக்குப் போகும்.

நான் போனபோது முன் அறையில் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். செல்வராணி கதவைத் திறந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "எங்க தப்புதாங்க ஐயா. அவரை ஒண்ணும் சொல்லிறாதீங்க," என்றார்.

இத்தனை வருடத்தில் கேள்வி கேட்பதற்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாடகைக்காரரை நான் கண்டதில்லை. சரி, என்ன தப்புச் செய்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளையை உள்ளேயே குளிப்பாட்டினோம் என்றார். ஈரத் துணியை அறையில் காயப் போட்டோம் என்றார். ஜன்னலைத் திறக்கவில்லை, தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு சுவர் நனைவதற்கு இத்தனை காரணம் தேவையா?

பக்கத்து அறையில் தர்ஷினி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் அவளுக்குப் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சை. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மழை பிடித்தால் இழுப்பு வந்துவிடும் என்று தாய் சொன்னார். இங்கிருந்து எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். அக்கரப்பத்தனையில் தம்பியின் லயத்துக்கு என்றார். அங்கேயே ஒரு காம்பிராவில் தம்பி குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அங்கிருந்து இந்தப் பிள்ளை பனியில் பஸ் மாறி மாறி வந்து டவுனில் பரீட்சை எழுத வேண்டும். அதுவும் இந்த மூச்சோடு. நடக்கிற காரியமா? "பொழைச்சுக்குவோங்க" என்றார். அந்தப் பிள்ளை எழுதாமலே நின்றுவிடும் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

சுவரைத் தொட்டேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே சில்லென்று ஊறிக் கிடந்தது. அதற்கு மேலே காய்ந்திருந்தது. விளிம்பை நகத்தால் நெம்பியதும் ஒரு துண்டு கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். சுண்ணாம்பு படை படையாக இருந்தது. வெறும் வெள்ளையில்லை, இலேசாக நீலம் ஓடிய வெள்ளை.

 அது எங்கள் லயத்துச் சுவர். தீபாவளி நெருங்கினால் சுண்ணாம்பைக் கரைத்து, துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்து அம்மா அடிப்பார். அடித்தால் ஒழுகின கறை, புகை பிடித்த கறை எல்லாம் மறைந்து காம்பிரா பளிச்சென்று ஆகிவிடும். டவுனில் யாரும் நீலம் கலப்பதில்லை, டின்னில் பெயின்ட் வாங்குவார்கள்.

எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன். செல்வராணி தரையைப் பார்த்தார். முதலில் தீபாவளிக்குத் தீபாவளி அடித்திருக்கிறார். பிறகு பொங்கலுக்கும். கடைசியில் கறை தெரிகிறபோதெல்லாம். அப்படியும் நிற்காதபோதுதான் அலுமாரியை நகர்த்தி வைத்தாராம்.

குணசேகர மாத்தயா அப்போது ஓய்வு பெற்றுப் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனாலும் அந்த அறையில் நின்றபோது அவர் குரல்தான் கேட்டது. "மழைக்கு வாளி எங்கம்மா வைப்பீங்க?" என்றேன்.

செல்வராணி சுவர் ஓரத்தைக் கையால் காட்டினார். பிறகு மெதுவாக, "வாளி இல்லைங்க, சாக்குதான்," என்றார்.

சுவர் ஓரமாக நீளத்துக்குச் சாக்கு விரிப்பாராம். காலையில் எடுத்துப் பிழிந்துவிட்டு மறுபடி விரிப்பாராம். மழையில்லாத நாளில் எப்படி என்று கேட்டேன். சாக்கு காய்ந்து கிடக்கும் என்றார். அப்படியானால், மழையில்லாத நாளில் பிள்ளை குளிப்பதில்லையா, துணி காயப் போடுவதில்லையா என்றேன். தான் பிடிபட்டுவிட்டது அவருக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தன் அப்பாவின் கதையைச் சொன்னார். கூரை ஒழுகுகிறது என்று அவர் ஒரு நாள் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். கூரையில் ஏறி மிதித்தது யார் என்று அவரையே திருப்பிக் கேட்டு, அன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒழுகலைப் பற்றி வெளியே யாரும் வாய் திறந்ததில்லை. தப்பு நம்முடையது என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று செல்வராணி அங்கே கற்றிருக்கிறார்.

ஹாஜியார் வந்து பார்ப்பதே இல்லையா என்று கேட்டேன். வருவாராம். ஆனால் வாசல் கேட்டடியில் நின்று கனைத்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். பூச்சு கொட்டிய அந்த ஒரு நாளைத் தவிர, ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. "மரியாதையான மனுசங்க" என்று செல்வராணி சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

வீட்டின் பின்பக்கம் போனேன். பின்னால் மண்மேடு, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அகலத்தில் இடம். அந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் பின்னால் கான் உண்டு. மேட்டுத் தண்ணீர் அதில் இறங்கி ஓடிவிடும். இந்த வீட்டில் மட்டும் கானைக் காணவில்லை. கொங்கிரீட் போட்டு வழவழவென்று மூடியிருந்தது, மேலே துணிக்கொடி கட்டியிருந்தது. மேல்வீட்டுக் கான் வந்து அந்தக் கொங்கிரீட்டுக்கு அடியில் நுழைந்தது. வெளியே வரும் வழியைத் தேடினேன். கீழ்ப்பக்கத்தில் மண் இறுகி, அதன் மேல் புல் முளைத்திருந்தது.

இதை யார் மூடினது என்று கேட்டேன். "ஹாஜியார்தாங்க. நாங்க வந்த புதுசுல. புள்ள ஓடியாடையில கானுக்குள்ள விழுந்துரும்னு, கேக்காமலே ஆள் விட்டு மூடிக் குடுத்தாரு," என்றார் செல்வராணி.

 யார் மீது கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் ஹாஜியாரைக் கூப்பிட்டேன், கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். அந்த வீட்டில் ஆம்பளை இல்லையே, நான் எப்படி வருவது என்று தயங்கினார். வீட்டுக்குள் வேண்டாம், பக்கவாட்டில் பின்பக்கம் வாருங்கள் என்று அழைத்துப் போனேன். நல்லவேளையாக மழை பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் மழையைக் கண்டு நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். பாஸ் கொங்கிரீட்டின் ஒரு மூலையை அலவாங்கால் உடைத்து நெம்பினார். உள்ளே விளிம்பு முட்டக் கறுப்புத் தண்ணீர். மண்ணும் இலைச் சருகும் பிளாஸ்டிக் போத்தலும் அடைத்துக்கொண்டு, போக வழியில்லாமல் நின்றது. அது நின்ற மட்டத்தை ஜன்னல் வழியாகத் தெரிந்த அறைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஹாஜியாரிடம் கையைக் காட்டினேன். தரையைவிடத் தண்ணீர் உயரத்தில் இருந்தது. 

குடையைப் பிடித்திருப்பதையே மறந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் முழுக்க நனைந்தது.

"இது நான் மூடினது," என்றார்.

குசினிக் கதவோரம் செல்வராணி நின்றிருந்தார். ஹாஜியார் அந்தப் பக்கம் திரும்பினார்.  "ஏன் தங்கச்சி எனக்கிட்ட செல்லல்ல? ஒரு வார்த்தை செல்லியிருந்தா நான் பார்த்தீக்க மாட்டேனா?"

"ஊரே வீடு இல்லைன்னப்போ சாவியக் கையில குடுத்தவங்க நீங்க. ஒங்ககிட்ட வந்து, ஒங்க வீடு ஒழுகுதுன்னு எந்த வாயால சொல்றதுங்க?"

  உள்ளே பிள்ளை இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் ஹாஜியார் முகம் மாறியதை நான் பார்த்தேன். யார் விழுந்துவிடக் கூடாது என்று அவர் கானை மூடினாரோ, அதே பிள்ளைதான் அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறி மறுபடி வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, செல்வராணிக்கு நன்றாகக் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டே, "கட்டின சாமான அவுக்கச் செல்லுங்க, சேர்," என்றார்.

நானும் சும்மா வரவில்லை. இருவருக்கும் திட்டுக் கிடைத்தது. செல்வராணியிடம், நீங்கள் அடித்த சுண்ணாம்பு மரியாதையில்லை அம்மா, அது மூடி மறைப்பது, சுவர் உள்ளே அழுக அழுகப் பிள்ளைக்குத்தான் இழுத்தது, பழுதைக் கண்டால் சொல்வது குறை சொல்வதாகாது, அது உங்கள் பொறுப்பு என்று சத்தமாகவே சொன்னேன். ஹாஜியாரிடம், வீட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டடியில் நின்று கனைத்தால் போதாது, கணவர் வரும் நாளில் வந்து உள்ளே கால் வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள் என்றேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள். அறிக்கையை மட்டும் மாத்தயாவின் முறையில் எழுதினேன். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே போயிருக்க வேண்டும்.

கானைத் திறந்து, வாட்டம் சரிசெய்து, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போட்டார்கள். இடுப்பு உயரம் வரைக்கும் பழைய பூச்சை உரித்து எடுத்தார்கள். நான் ஒரு கட்டளை போட்டேன். சுவர் முழுதாகக் காயும்வரை யாரும் பூசக் கூடாது, அடிக்கக் கூடாது, முக்கியமாகச் சுண்ணாம்பு வாளியைக் கண்ணில் காட்டக் கூடாது. செலவு முழுக்க ஹாஜியாருடையது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு எனக்கு ஒரே யோசனை. தீபாவளிக்குச் சுவரை வெறுமையாக விட்டுவைக்க எங்கள் ஆட்களால் முடியுமா? விருந்தாளி வருவார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கை சும்மா இருக்காதே. வேறு வேலையாகப் போகிறவன் போல அந்தச் சந்தில் இறங்கினேன். கேட்டடியில் நின்று எட்டிப் பார்க்க நினைத்தவனை, ஊரிலிருந்து வந்திருந்த கணவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

பின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. சுவர் அப்படியே இருந்தது. கல்லும் சீமேந்துமாக, திட்டுத் திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அலுமாரி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்துகொண்டு வந்தது. "கை துறுதுறுன்னுதாங்க இருந்திச்சு. கையில சுண்ணாம்பு இருந்தா அடிச்சிருவேன்னு, வாங்காமலே விட்டுட்டேன்," என்று செல்வராணி சிரித்தார். தர்ஷினி எனக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். அந்த விசில் சத்தம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கேட்டடியில் கனைப்புக் கேட்டது. ஹாஜியார், கையில் பிஸ்கட் டின். கணவர் போய் அழைத்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பின் அறைச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். முறுக்கு நல்லா ஈக்கி என்றார். பரீட்சை எப்போது என்று பிள்ளையிடம் கேட்டார்.

செல்வராணி குசினி வாசலில் வந்து நின்றார். கையை முந்தானையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹாஜியார், நல்ல நாளும் அதுவுமா சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. குளிக்கிற ரூமுல குழாய் சொட்டுதுங்க."

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கண்ணால் அடக்கப் பார்த்தார். நான் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் வைத்திருந்தேன். ஹாஜியார் ஒரு கணம் செல்வராணியையே பார்த்தார்.

"எங்க?" என்றார்.

"உள்ள வாங்க, காட்டுறேன். வாளி வச்சிருக்கேன்."

ஹாஜியார் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, அவருக்குப் பின்னால் உள்ளே போனார்.